அன்ரெனாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி

எஞ்சினியர் பேனாட் எஞ்சினியர் அல்லர். வாகனக் கூரைகளில் துளை போட்டு ஜிபிஎஸ் பூட்டிக்கொடுக்கும் கம்பனி ஒன்றில், துளை போடுகிறவர்களுக்கு எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டுவது அவர் வேலை. ஆனால் ஒருவரை மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து எஞ்சினியர் என்று கூப்பிட்டுவிட்டால் நாலாவது ஞாயிறு அவர் எஞ்சினியராகத்தான் பூசைக்கு வருவார். செயின்ட்-மிஷேல் தமிழ்ப் பங்குச் சனம் அப்படிக் கூப்பிடத் தொடங்கி ஏழு வருடம். அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியபோது தபால்பெட்டியில் பெயருக்கு முன்னால் அதையும் எழுதிவிட்டார்.

2008 ஜனவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் கோப்பியும் பணிசுமாக இருந்தபோது, "விண்வெளி யுகத்தில் நாம்" என்ற தலைப்பில் அவர் உரையாற்றினார். பங்குச் சபையின் செயலாளரும் அவர்தான். ஆகவே செயலாளர் என்ற முறையில் பேச்சாளரை ஏழு நிமிடம் அறிமுகப்படுத்தினார். பேச்சாளர் என்ற முறையில் செயலாளரின் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி சொன்னார். பிறகு, இருபதாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செய்மதிகளை "எங்களுடைய செய்மதிகள்" என்று குறிப்பிட்டு, பூமியில் ஒரு மனிதன் நிற்கிற இடத்தை ஒரு முழத்துக்குப் பிசகாமல் அவை சொல்லிவிடும் என்றார். அவருடைய கம்பனியின் விளம்பரத்தாளே ஐந்து மீற்றர் என்றுதான் சொல்லியிருந்தது. ஒலிவாங்கி கைக்கு வந்ததும் மிச்சம் நாலரை மீற்றரை அவரே குறைத்துக்கொண்டார்.

மூன்றாம் வரிசையில் இருந்து அதைக் கேட்டவர்களில் நீக்கிலாப்பிள்ளையும் ஒருவர். மன்னார்க்காரர், ஐம்பத்துநாலு வயது, மொன்றியலில் இது பத்தொன்பதாவது பனிக்காலம். நடைபாதைப் பனியைத் தள்ளுகிற, சங்கிலிப் பட்டியில் ஓடும் சின்ன வண்டி ஒன்றை ஓட்டுகிறவர். நவம்பரில் அவருடைய முதலாளி முசியே கஞ்ஞோன் பதினாலு வண்டிகளுக்கும் ஜிபிஎஸ் பூட்டுவித்திருந்தார். பூட்டியது பேனாட்டின் கம்பனி. ஒவ்வொரு கூரையிலும் வடை அளவில் ஒரு வெள்ளை அன்ரெனா. ஒபிசில் ஒரு திரை, திரையில் பதினாலு சிவப்புப் புள்ளி. அன்றிலிருந்து முசியே கஞ்ஞோன் பதினாலு மனிதர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பதினாலு புள்ளிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

கேள்வி நேரத்தில் நீக்கிலாப்பிள்ளை எழும்பினார்.

"எஞ்சினியர், அந்த அன்ரெனா என்ரை வண்டிக் கூரையில வெறும் மேலோடை கிடக்கு. வெளியில மைனஸ் இருபத்தைஞ்சு. உதுக்கு ஒண்டும் செய்யாதோ?"

கேள்வியில் பிழை இல்லை. இந்த ஊரில் சனம் ரோசாச் செடிக்கே சாக்குச் சட்டை போட்டுவிடுகிறது, நாய்க்குச் சப்பாத்து வாங்குகிறது.

பேனாட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோது அவர் செய்வது அது.

"மிக நல்ல வினா. குளிர்தான் நுண்கருவிகளின் முதல் எதிரி. கைக்குழந்தையைப் பாக்கிறமாதிரிப் பாக்கவேணும், நீக்கிலா அண்ணை. கதகதப்பா மூடி வையுங்கோ."

சனம் கைதட்டியது. உண்மையில் அது ஒரு பற்றரிப் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த புத்திமதி. அன்ரெனாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கைதட்டினவர்களுக்கு அது தெரியாது. கைதட்டு வாங்கினவருக்கும் தெரியாது.

நீக்கிலாப்பிள்ளையின் மனைவி மாக்கிரட், பங்கில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஞானஸ்நானத்துக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுக்கிறவள். கைக்குழந்தை என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்று பின்னேரமே ஊசியை எடுத்துவிட்டாள்.

"எவ்வளவு பெரிசு?"

"பிள்ளைத்தலையில பாதி வரும்."

"கட்டுறதுக்கு நாடா?"

"ஓம், காத்துக்குப் பறக்கும்."

"குஞ்சம்?"

"அன்ரெனாவுக்கு என்னத்துக்குக் குஞ்சம்?"

"குஞ்சம் இல்லாட்டி அதுக்குப் பேர் தொப்பியோ," என்று சொல்லிவிட்டு அவள் குஞ்சத்தையும் வைத்துப் பின்னினாள். நல்ல நீலம். கூரையில் பூட்டியபோது அது, ஒரு குழந்தை அந்த வண்டிக்குள் புதைந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

வேலையிடத்தில் அதற்குப் பெயர் வந்தது: நிக்கோலாவின் துக். துக் என்றால் இந்த ஊர்க் கம்பளித் தொப்பி. நிக்கோலா என்றால் நீக்கிலாப்பிள்ளையில் பிரெஞ்சு நாக்குக்கு எட்டின அளவு. முசியே கஞ்ஞோன் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். ஜனவரி முடிவில் கருவிகளைச் சோதிக்க வந்த பேனாட்டும் அதைப் பார்த்தார். குஞ்சத்தை இரண்டு விரலால் தட்டி, "அக்கான்ரை கைவேலையோ? வடிவாக் கிடக்கு," என்றார். சோதனைப் படிவத்தில் எல்லாம் சரி என்று கையொப்பம் வைத்தார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஜனவரி முழுக்க எலும்பை அரிக்கிற காய்ந்த குளிர். பனி கோதுமை மாவைப்போல விழுந்தது, காற்றில் பறந்தது, தொப்பியில் ஒட்டவே இல்லை. சிவப்புப் புள்ளி சொன்னபடி நடைபாதையில் போய் வந்தது. தொப்பி போட்டதால்தான் இந்தச் சீர் என்று நீக்கிலாப்பிள்ளை நம்பினார். பின்னேரங்களில் அதைக் கழற்றிக்கொண்டு வந்து கையுறைகளோடு ஹீற்றரில் காயப்போடுவார்.

பெப்ரவரி ஆறாம் திகதி விபூதிப் புதன். தவக்காலம் தொடங்குகிற நாள். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஆறரைக்குப் பூசை வைத்தார்கள். சுவாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போட்டார். வரிசையில் நீக்கிலாப்பிள்ளைக்கு நேர்முன்னால் பேனாட் நின்றார். சாம்பலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "இண்டைக்கு ஈர ஸ்னோவாம், கவனம் அண்ணை," என்றுகூடச் சொன்னார். எட்டு மணிக்கு நீக்கிலாப்பிள்ளை வண்டியில் ஏறிவிட்டார்.

அன்று குளிரே இல்லை, சரியாகப் பூச்சியம். நனைந்த பஞ்சைப் பிய்த்துப் போட்டமாதிரிப் பனி விழுந்தது. பத்தரை மணிக்கு அவர் மதாம் பெலிவோ என்ற எண்பது வயதுக் கிழவியின் வீட்டு வாசலுக்கு வந்தார். பனி சேறுபோலப் பாரம். வழமையாக ஒரு தடவையில் முடிகிற துண்டுக்கு அன்று நாலு தடவை முன்னும் பின்னும் போகவேண்டியிருந்தது. வீதிக்கு மற்றப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பழைய கற்கோயில் ஒன்று நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்புரவாக்கி, உப்பும் போட்டுவிட்டு, அடுத்த வீதிக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் வீதி தள்ளுகிற பெரிய வண்டி வந்தது. அதன் அலகு வீதிப்பனி முழுவதையும் வாரி மதாம் பெலிவோவின் நடைபாதையில் கொட்டிவிட்டுப் போனது. ஒரு மணிக்குக் கிழவி பால் வாங்க தெப்பனருக்குப் புறப்பட்டாள். அந்த மூலைக்கடை நூறடி தூரம். அவள் பத்தடி போனாள். மணிக்கட்டு முறிந்தது.

நாலு மணிக்கு நீக்கிலாப்பிள்ளையை ஒபிசுக்குக் கூப்பிட்டார்கள்.

முசியே கஞ்ஞோன் கெட்ட மனிதர் அல்லர். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, பெரியவரானதும் கோயில் வாசல் மிதிக்காத பல்லாயிரம் கியூபெக்காரரில் ஒருவர். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பத்திரிகைகளில் ஒரே கதை: வந்து குடியேறினவர்களின் சமயத்துக்கு எவ்வளவு தூரம் இடம் கொடுப்பது. அவர் அதையெல்லாம் காலைக் கோப்பியோடு வாசித்துவந்தவர். இப்போது திரையைப் பார்த்தார். பிறகு நீக்கிலாப்பிள்ளையின் நெற்றியில் இருந்த சாம்பல் சிலுவையைப் பார்த்தார். பிறகு மறுபடி திரையைப் பார்த்தார்.

"நிக்கோலா, பத்து முப்பத்திரண்டிலிருந்து பத்து நாற்பத்து மூன்று வரை நீ எங்கே நின்றாய்?"

"மதாம் பெலிவோவின் வாசலில்."

"புள்ளி கோயில் வளவுக்குள் நிற்கிறது. பதினொரு நிமிடம்."

"நான் அங்கே போகவில்லை, முசியே."

"நெற்றியில் என்ன?"

"காலை ஆறரைக்கு எங்கள் பூசையில் வாங்கியது."

முதலாளி பெருமூச்சு விட்டார். "கேட்டிருந்தால் அரைமணி விட்டிருப்பேன். எனக்குச் சமயத்தோடு சண்டை இல்லை. வேலையை விட்டுவிட்டுப் போய், வேலை செய்தேன் என்று சொல்வதுதான் பிரச்சினை."

பத்தொன்பது பனிக்காலத்தில் நீக்கிலாப்பிள்ளை ஒரு வாசலையும் விட்டுவைத்ததில்லை. காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறார். தாய் மன்னாரில் செத்த செய்தி வந்த அன்றும், அழுதுகொண்டே தன் பாதையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இன்று ஒரு சிவப்புப் புள்ளி அவரைக் கோயிலுக்குள் கொண்டுபோய் முழந்தாளில் வைத்துவிட்டது. வேலை போவதைவிட அதுதான் அவருக்குச் சுட்டது. செய்த வேலையைச் செய்யவில்லை என்று ஆக்குகிறார்கள், கடவுளைக் காரணமாகச் சொல்லி.

அந்த நேரம் கதவு திறந்தது. கையில் மடிக்கணினியோடு எஞ்சினியர் பேனாட். கருவி சரியா பிழையா என்று சொல்லக் கம்பனி அனுப்பியிருந்தது. நீக்கிலாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. இந்த மனிதருக்குத் தெரியும்; காலையில் முன்னால் நின்றவரே அவர்தானே. ஆனால் பேனாட்டின் நெற்றி துடைத்து மினுங்கியது. வேலைக்கு வருமுன் கழுவியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் மயிர் தொடங்குகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கீற்று மிச்சம் இருந்தது.

"இந்தப் புள்ளி பிழைக்குமா? இன்று நல்ல பனி," என்று முசியே கஞ்ஞோன் கேட்டார்.

பேனாட் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அழகான பிரெஞ்சில் சொன்னார்: "முசியே, பனி பெய்வது மேகத்தில். செய்மதி இருப்பது மேகத்துக்கு இருபதாயிரம் கிலோமீற்றர் மேலே. அதற்குக் குளிர்காலமும் இல்லை, கோடைகாலமும் இல்லை."

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல் கிடையாது. செய்மதிக்குக் குளிராதுதான். கேட்டது கூரையில் இருந்த வடையைப் பற்றி.

நீக்கிலாப்பிள்ளை தமிழுக்கு மாறினார். "தம்பி, காலமை ஆறரைப் பூசையில நான் உங்களுக்குப் பின்னால நிண்டனான். அதை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"அண்ணை, நான் ரெக்னிக்கல் விசயத்துக்கு எண்டுதான் வந்தனான்."

"ஒரு சொல்லுத்தானே."

"நீங்கள் ஆறரைக்கு வாங்கினது உண்மை. பத்தரைக்கும் போகேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? பேந்து, திங்கக்கிழமை இதே சிஸ்டத்தை இன்னும் நாலு கம்பனிக்குக் காட்டப்போறம். இந்த நேரத்தில மெசின் பிழை எண்டு நான் வாய் திறக்கேலுமோ? நீங்களே யோசியுங்கோ."

இருவரும் என்ன கதைக்கிறார்கள் என்று முசியே கஞ்ஞோன் கேட்டார். சமய விசயம் என்றார் பேனாட்.

ஒரு கிழமை வேலைக்கு வரவேண்டாம், முடிவு பிறகு, என்று தீர்ப்பு வந்தது.

நீக்கிலாப்பிள்ளை வீட்டு மேல்மாடியில் கயல் என்று ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். சென்னையிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிப்பவள். பனிப்படலத்தின் தடிப்பை அளப்பது அவள் ஆராய்ச்சி. அளக்கிற இடத்தைக் குறிக்க ஜிபிஎஸ் கருவியோடு வயல்வெளிகளில் அலைந்துவிட்டு மூக்கு சிவக்க வீட்டுக்கு வருவாள். மாக்கிரட் வைக்கிற மீன்குழம்புக்காகக் கீழே இறங்கியவள் நடந்ததைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே ஹீற்றரில் காய்ந்துகொண்டிருந்த நீலத் தொப்பியைப் பார்த்தாள்.

"அங்கிள், அது என்ன?"

"அன்ரெனாத் தொப்பி, பிள்ளை. அது இருந்தும் இப்பிடி ஆகிப்போச்சு."

கயல் சோற்றுத் தட்டை வைத்துவிட்டாள்.

அடுத்தநாள் காலை வெளிச்சம் வந்ததும் மூவரும் பின்வளவில் நின்றார்கள். வேலிக் கம்பத்தின் மேல் கயல் தன் கருவியை வைத்தாள். வெறுமனே வைத்தபோது ஒன்பது செய்மதி, பிழை மூன்று மீற்றர். காய்ந்த தொப்பியைப் போட்டாள். அதே ஒன்பது, அதே மூன்று. பிறகு தொப்பியைத் தண்ணீரில் தோய்த்து, மேலே ஈரப்பனியை அள்ளி அப்பி, இறுகும்வரை விட்டுவிட்டு மறுபடி போட்டாள். செய்மதிகள் ஒவ்வொன்றாக விலகின. நாலுதான் மிச்சம். திரையில் அவர்கள் நிற்கிற இடம் மெல்ல நகர்ந்து, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தகரக் கராஜுக்குள் போய் நின்றது. முப்பத்தொரு மீற்றர்.

"காஞ்ச பனி பாதிக்கு மேல காத்துதான் அங்கிள், சிக்னல் ஈசியா பூந்து வந்துடும். தண்ணி அப்படி இல்ல, சிக்னல குடிச்சிடும். உங்க தொப்பி ஸ்பாஞ்ச் மாதிரி நல்லா ஊறிடுச்சு, மேல ஒரு இஞ்ச்சுக்கு ஐஸ் வேற. மேலேருந்து நேரா வர்றது கட். பக்கத்துல தகரத்துல பட்டு சுத்தி வர்றது மட்டும் உள்ள போகுது. சுத்தி வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. நேரா வந்துச்சுன்னு நெனச்சு இடத்தக் கணக்குப் போடும்."

"கோயில் கூரையும் தகரம்," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"அப்ப அதான்."

மாக்கிரட் கராஜைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள். "அப்ப என்ரை தொப்பிதானோ."

"ஐயோ ஆன்ட்டி, நீங்க பின்னினதுல ஒரு தப்பும் இல்ல. மூடச் சொன்னாரு பாருங்க, அவரக் கேக்கணும். வேற எந்தத் துணியா இருந்தாலும் இதேதான்."

"வேற துணி எண்டால் இவ்வளவு குடிச்சிருக்காது," என்றாள் மாக்கிரட். "நான் ரெட்டை நூலிலை பின்னினனான். குளிரும் எண்டு."

அன்று முழுக்க வீட்டில் அதே கதைதான்.

"தொப்பியைப் பற்றி வாய் திறக்காதேங்கோ," என்றாள் மாக்கிரட். "நவம்பரில ஒரு பேப்பரில கையெழுத்து வாங்கினவங்கள் எல்லே. கருவியைத் தொடக்கூடாது எண்டு."

"ஓம்."

"அப்ப பேசாமல் இருங்கோ. கோயிலுக்குப் போனது எண்டே இருக்கட்டும். கோயிலுக்குத்தானே, கள்ளுத் தவறணைக்கோ போனியள்?"

"போகேல்லையே, மாக்கிரட்."

"போகேல்லைத்தான்."

"நான் அந்தப் பனியைத் தள்ளினனான். நாலு தரம். அதை ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது."

அதோடு அந்தக் கதை முடிந்தது. கயல் தன் அளவுகளை ஒரு பக்கத்தில் அட்டவணையாக எழுதி, கூடப் படிக்கிற ஒருத்தியைக் கொண்டு பிரெஞ்சில் திருத்திக் கொடுத்தாள். அடியில் தன் பெயரையும் துறையையும் போட்டாள். அடுத்த புதன்கிழமை நீக்கிலாப்பிள்ளை அந்தத் தாளையும் தொப்பியையும் கொண்டுபோய் முசியே கஞ்ஞோனின் மேசையில் வைத்தார். பேனாட் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி தாளை இரண்டு தடவை வாசித்தார். அன்றைய பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். புள்ளி கோயில் சுவருக்கு ஊடாகவே நடந்து போயிருந்தது. வண்டி சுவருக்கு ஊடாகப் போகாது.

"நீ நடைபாதையில்தான் நின்றிருக்கிறாய்," என்றார் கடைசியில்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, "வுய், முசியே," என்றார் நீக்கிலாப்பிள்ளை. ஒரு கிழமைக்குப் பிறகு அவர் முதுகு கதிரையில் சாய்ந்தது. அது சாய்ந்திருந்த நேரம் ஒரு நிமிடம் இருக்கும்.

"ஆனால் அன்ரெனாவை நீ மூடியிருக்கிறாய்."

"ஜனவரியில் நீங்களும் பார்த்துச் சிரித்தீர்கள்."

"சிரித்தேன். அது இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது." முசியே கஞ்ஞோன் முகத்தைக் கையால் தேய்த்தார். "நிக்கோலா, விளங்கிக்கொள். நீ கோயிலுக்குப் போயிருந்தால் அது உன் பிழை. ஒரு கிழமைத் தண்டனை, நாளைக்கே திரும்பி வந்திருப்பாய். ஆனால் இப்போது கிழவியின் மகன் வழக்கறிஞரைப் பிடித்துவிட்டான். எங்கள் பதிவு பிழைக்கும் என்று நீதிமன்றத்தில் வந்தால், பதினாலு வண்டியின் பதிவும் குப்பை. கருவி சரி, ஒருவர் அதைக் குழப்பினார் என்றால்தான் மற்றப் பதின்மூன்றும் நிற்கும்."

"கருவியைப் பூட்டினவர்தான் மூடச் சொன்னார்." நீக்கிலாப்பிள்ளை பேனாட் பக்கம் விரல் நீட்டவில்லை, முகத்தை மட்டும் திருப்பினார். "நூற்றிருபது பேருக்கு முன்னால்."

பேனாட்டின் கண்ணாடி மறுபடி கழன்றது. "முசியே, பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கும்போது ஆட்கள் ஆயிரம் கேட்பார்கள். நான் பற்றரியைப் பற்றி ஏதோ பொதுவாகச் சொல்லியிருக்கலாம். கம்பளி என்று நான் சொன்னேனா?" பிறகு குரலை இறக்கித் தமிழில்: "நீக்கிலா அண்ணை, எழுத்தில ஏதும் கிடக்கோ?"

"நீங்கள் குஞ்சத்தைத் தட்டிப் பாத்தனீங்கள்."

"அதுவும் எழுத்தில இல்லை."

எழுத்தில் இருந்தது ஒன்றுதான்: எல்லாம் சரி என்று ஜனவரி முடிவில் அவர் கையொப்பம் வைத்த படிவம். அதில் தொப்பிக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

இப்படியாக, தான் வேலை செய்தது உண்மை என்பதை நீக்கிலாப்பிள்ளை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவினார். நிறுவிய குற்றத்துக்காக வேலை போனது. தொப்பியை ஆதாரம் என்று ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் தட்டுக் கழுவினார். உள்வேலை. ஜன்னல் இல்லாத கட்டடம். வெளியே பனி பெய்கிறதா என்பது வேலை முடிந்து வரும்போதுதான் தெரியும். படிப்பை முடித்த கயல் இலையுதிர் காலத்தில் வேறு நகரத்துக்குப் போனாள்.

அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிறு, அதே மண்டபம், அதே கோப்பி. "குளிர்காலமும் செய்மதியும்: ஓர் ஆய்வு" என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. செயலாளர் பேச்சாளரை இந்தத் தடவை பத்து நிமிடம் அறிமுகப்படுத்தினார். ஆய்வாளர் என்ற சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது. பிறகு விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டினார்.

காய்ந்த பனிக்குள் பாதிக்கு மேல் காற்றுதான் என்றார். ஈரம் சமிக்ஞையைக் குடித்துவிடும் என்றார். ஒன்பது செய்மதி, நாலு செய்மதி, முப்பத்தொரு மீற்றர் என்று ஓர் அட்டவணை வந்தது. நீக்கிலாப்பிள்ளைக்கு அந்த இலக்கங்களைத் தெரியும். வேலிக் கம்பத்தடியில் குளிரில் நடுங்கிக்கொண்டு அவர் பார்த்த இலக்கங்கள். அட்டவணையின் அடியில் கயலின் பெயர் இருந்த இடத்தில் கம்பனியின் இலச்சினை இருந்தது. அடுத்த படம் கூம்பு வடிவில் ஒரு பிளாஸ்ரிக் மூடி. பனி சறுக்கி விழுந்துவிடுமாம். இந்தப் பனிக்காலம் ஐந்து கம்பனிகள் வாங்கியிருக்கின்றனவாம்.

"இனி, தொழில்நுட்ப அறிவில்லாதவர்கள் கருவியைக் கையாண்டால் நேரும் விபரீதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு," என்றார் பேனாட்.

திரை முழுவதும் நீலத் தொப்பி நிறைந்தது. குஞ்சம் ஓர் ஆளளவு இருந்தது.

மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் ஞானஸ்நானத்தில் அதே கையால் பின்னிய தொப்பியைத் தங்கள் பிள்ளைகளின் தலையில் போட்டவர்கள்.

கேள்வி நேரத்தில் நீக்கிலாப்பிள்ளை எழும்பினார்.

"எஞ்சினியர், போன விபூதிப் புதன் காலமை ஆறரைப் பூசையில எனக்கு முன்னுக்கு நிண்டது ஆர்?"

விசயம் தெரிந்தவர்கள் பணிசைப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். பேனாட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார்.

"வினாக்கள் தலைப்புக்கு உட்பட்டு இருக்கவேணும் எண்டு சபை தாழ்மையாக் கேட்டுக்கொள்ளுது," என்றார். சபையின் செயலாளராக அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். கைதட்டு பரவுவதற்கு அது போதும்.

கோப்பி எடுக்கும் இடத்தில் மாக்கிரட் பேனாட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அந்தத் தொப்பியைத் திருப்பித் தாங்கோ."

"அது வழக்கோடை கிடக்கு, அக்கா. தரமாட்டினம்."

"அப்ப படத்துக்குக் கீழ பேரைப் போடுங்கோ. பின்னினது மாக்கிரட் எண்டு."

"ஆய்வுகளில அப்பிடிப் பேர் போடுறதில்லை, அக்கா."

"உங்கட பேர் முதல் படத்திலும் கிடக்கு, கடைசிப் படத்திலும் கிடக்கு."

பேனாட் சுவாமியாரைத் தேடுவதுபோல மற்றப் பக்கம் திரும்பினார்.

வெளியே சரியாகப் பூச்சியம். ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. பஸ் தரிப்புவரை நடைபாதையில் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. நடுவில் கோடு கோடாக, வண்டி ஒன்று ஏதோ ஒரு நேரம் அவசரமாகப் போன அடையாளம். நீக்கிலாப்பிள்ளை குனிந்து பார்த்தார். எவனோ அலகை இறக்காமலே ஓட்டியிருக்கிறான். புள்ளி மட்டும் ஒழுங்காகப் போயிருக்கும்.

"திரையில இந்த இடம் துப்பரவாக் கிடக்கும்," என்றார்.

மாக்கிரட் சறுக்கினாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல், சப்பாத்தால் பனியை இரண்டு பக்கமும் ஒதுக்கி ஒதுக்கி முன்னால் நடந்தார்.

"உங்களை ஆர் இப்ப தள்ளச் சொன்னது," என்றாள் அவள். "பஸ் வருது, நடவுங்கோ."

அவர் ஒதுக்கிக்கொண்டே நடந்தார். பஸ் போய்விட்டது.